மிச்சம் பிடித்த புகை

நாமக்கல்
18 ஜனவரி 1944

தங்கை அம்சவேணிக்கு,

அண்ணன் ஆறுமுகசாமி எழுதுவது. இங்கே நானும் உன் நங்கையா நஞ்சம்மாளும் குழந்தைகளும் சுகம். அம்மாவின் முழங்கால் வலியும் உன் தொண்டைக் கட்டும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

இப்பவும், பொங்கலுக்கு மலைக்கு வந்தபோது வாயால் சொன்னதை எழுத்தில் சொல்லிவிடுகிறேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒன்பது அறை வீட்டில் நீங்கள் இரண்டு பேர் இருப்பதில் யாருக்கும் பிரயோஜனமில்லை. மிளகுத் தோட்டத்தைப் போன வருஷமே கொடுத்தாகிவிட்டது. வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஓடு மாற்றுவதும் கரையான் பார்ப்பதும் எத்தனை நாளைக்கு? ராசிபுரத்து மர வியாபாரி ஒருவர் உத்திரங்களுக்காகவே நம் வீட்டைக் கேட்கிறார். ஆடியில் பிரித்துக்கொள்வார். நான் இங்கே கோட்டைக்குப் பின்புறம் அடக்கமான ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். எல்லாரும் அங்கே ஒன்றாக இருந்துவிடலாம்.

அதுவரை ஆறு மாதம் இருக்கிறது. சிறிய வீட்டில் வாழ்வதற்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள். முன் அறையும் சமையலறையும் போதும், மற்றவற்றைப் பூட்டிவிடு. ஒரு விளக்கு போதும். பெரிய அடுப்பை நாள் முழுக்க எரிய விடுவது அப்பா காலத்து வழக்கம். தோட்டத்து ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சிய அடுப்பு அது. இப்போது ஆட்கள் எங்கே? சின்ன அடுப்பில் காலையில் ஒரு முறை சமைத்தால் இரண்டு வேளைக்கும் ஆகும். யுத்த காலத்தில் பெரிய பெரிய மனிதர்களே இப்படித்தான் வாழ்கிறார்கள்.

இன்னொன்று. எனக்கு இனிமேல் கவரில் எழுத வேண்டாம். கார்டு போதும். சுருக்கமாக எழுதிப் பழகினால் மனசும் அலையாது. உனக்கு அது நல்லது.

உங்கள் இருவரின் நன்மையையே நினைக்கும்,
ஆறுமுகசாமி

*

திருப்புலி நாடு, கொல்லிமலை
தை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்சவேணி வணக்கத்துடன் எழுதுவது. பனி குறைந்தால் முழங்கால் சரியாகிவிடும் என்கிறாள் அம்மா. என் தொண்டை சரியாகிவிட்டது. நங்கையாவையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

கவரில்தான் எழுதுகிறேன்; கோபித்துக்கொள்ள வேண்டாம். தபால்காரர் குழந்தைசாமி காரவள்ளியில் மலை ஏறத் தொடங்கும்போதே கார்டுகளை வாசிக்க ஆரம்பித்துவிடுகிறார். போன மாதம் நங்கையா போட்ட கார்டை என் கையில் கொடுக்கும்போது, "உங்க நங்கையாவுக்குக் கடவாப்பல்லு புடுங்கிட்டாங்களாமுங்க. இப்பப் பரவால்லீங்களாம்" என்றார். அப்புறம் அந்தக் கார்டில் எனக்கு வாசிக்க எதுவும் இருக்கவில்லை. நாம் என்ன தின்கிறோம், எந்த அறையைப் பூட்டினோம் என்பதெல்லாம் நான்கு நாட்டுச் சந்தையிலும் பேசப்படுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது.

ஏழு அறைகளையும் பூட்டியாயிற்று. பூட்டிய மூன்றாம் நாளே கதவிடுக்குகளிலிருந்து வௌவால் நாற்றம் வருகிறது.

அடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் கீழ்க்குடிசைகள் எரிந்தபோது ஊர்க்காரர்களின் விதையும் சேர்ந்து எரிந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். நம்முடையது ஓட்டு வீடு என்பதால் அப்பா நம் சமையலறைப் பரணை அவர்களுக்கு விட்டார். அது முதல் பதினோரு குடும்பத்து விதையும் பெரிய அடுப்புக்கு நேர் மேலே, சாணம் மெழுகிய கூடைகளிலும் சுரைக்குடுக்கைகளிலும் இருக்கிறது. புகை படாவிட்டால் இந்த மலை ஈரத்தில் விதை நிற்காது. தையில் விதையோடு வீட்டுக்கு இரண்டு சுமை விறகு கொண்டுவந்து போடுகிறார்களே, அது நம் சமையலுக்கு அல்ல. நேற்று சின்னராசு விறகை இறக்கும்போது, "இந்தாங்க, எங்க பங்குப் பொகை" என்றார். ஆகவே பெரிய அடுப்பை மட்டும் நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

கடைசியாக ஒரு சிறிய விஷயம். நீங்கள் பார்த்திருக்கும் வீட்டில் எத்தனை அறை? நான் எங்கே படுத்துக்கொள்வேன்?

எல்லாருக்கும் என் அன்பு.
அம்சவேணி

*

நாமக்கல்
20 பிப்ரவரி 1944
(கார்டு)

அம்சவேணிக்கு ஆசீர்வாதம். யாவரும் சுகம். கார்டில் எவ்வளவு அடங்குகிறது பார்.

இங்கே விறகுக்குத் தீப்பிடித்த மாதிரி விலை. அங்கே இருபது சுமைக்கு மேல் சும்மா கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கழுதைப் பொதியில் ஏற்றி அனுப்பவும், பொதிக்காரர் சின்னுசாமியிடம் சொல்லியிருக்கிறேன். ஆடியில் பிரிக்கப்போகும் வீட்டின் பரணுக்கு எதற்குப் புகை? மலைக்காரர்கள் பயப்படுவதற்கெல்லாம் நாம் அடுப்பெரிக்க முடியாது.

குச்சிக்கிழங்குத் தோலை எறிய வேண்டாம். நன்றாக வேகவைத்தால் தின்னலாம். தோலில்தான் சத்து என்று இங்கே ஒருவர் சொன்னார். போட்ட காப்பித்தூளை வெயிலில் காயவைத்து இன்னொரு முறை போடலாம். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

ஆ.சாமி

*

கொல்லிமலை
மாசி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அங்கே எல்லாரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்ன கிழங்குத் தோலை அம்மா மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தாள். சாம்பல் நிறத்தில், ஊறிய தோல்பை போல, வட்டிலில் கிடந்தது. வாயில் வைத்ததும் கசப்பு நாக்கின் அடிவரை இறங்கியது. நான் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தியெடுத்தேன். அம்மா உட்கார்ந்து முழுவதையும் தின்றாள். "பையன் எழுதியிருக்கறான், வேணும்னேவா எழுதியிருப்பான்?" என்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தோலைவிடக் கசப்பாக இருந்தது.

காப்பித்தூளை முறத்தில் காயவைத்தோம். அதில் ஈ மொய்க்கிறது. இரண்டாவது முறை போட்ட காப்பி, கழுவிய துணியைப் பிழிந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. அம்மாவின் இரண்டு கிழிந்த சேலைகளை வெட்டி ஒன்றாகத் தைத்திருக்கிறோம். சோப்புத் துண்டுகளை ஒன்றாக உருட்டி வைத்திருக்கிறோம். அதில் யார் யாருடைய முடியோ ஒட்டியிருக்கிறது. சிக்கனத்தை நான் வெறுக்கவில்லை, அண்ணா. அப்பாவும் சிக்கனமானவர்தான், ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதுவார். ஆனால் அவர் தானும் சேர்ந்து சுருங்கினார். நங்கையாவின் போன கார்டில் நீங்கள் புதிதாகப் பட்டணத்துக் காப்பிக்கொட்டை வாங்கியிருப்பதாக இருந்தது. குழந்தைசாமிதான் சொன்னார்.

விறகைச் சின்னுசாமி ஏற்றிக்கொண்டு போனார். ராமாயி (விறகு போட்டவர்களில் அவளும் ஒருத்தி) வேலியோரம் நின்று ஒவ்வொரு கழுதையாகப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பதில் பொய்.

பெரிய அடுப்பை நிறுத்திவிட்டோம். நான் இன்னொரு முறை எதிர்த்து எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன் என்று உங்களிடம்தான் சொல்கிறேன்: கண் எரியாமல் சமையலறையில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நான் எங்கே படுத்துக்கொள்வேன்?

அம்சவேணி

*

நாமக்கல்
சித்திரை 16

அம்சவேணி கண்ணுவுக்கு நஞ்சம்மா எழுதறது. நாங்கள் நல்ல சுகம். அத்தை கால்வலி எப்படி. உனக்கு உங்க அண்ணன் கடிதாசி போடலையாமே, கச்சேரியில் வேலை ஜாஸ்தி, வக்கீலுக்கு இவர்தான் கண்ணும் காதும். ஒரு மாசமா ராத்திரி சோறுகூட ஆறிப்போய்த்தான் தின்கிறார்.

புது வீட்டைப் போய்ப் பார்த்தேன் கண்ணு. கிணறு பக்கத்தில். சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்துப் பால் மாதிரி இருக்குது. அறை ரெண்டுதான் ஆனால் பெருசு. ஒண்ணில் நாங்களும் குழந்தைகளும். இன்னொண்ணில் உங்க அண்ணன் கட்டுக்கட்டா காயிதம் வைத்து எழுதுவாராம், கட்சிக்காரங்க வந்தால் உட்கார நாற்காலி வேணுமாம். நீங்கள் அனுப்பின விறகு நல்லா எரியுது, கொஞ்சம் வாசனைகூட இருக்குது, என்ன மரம் கண்ணு அது.

காயிதம் கிடைக்கலை. உங்க அண்ணன் மேசையில் கிடந்த பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதறேன். அவர்தான் எதையும் வீணாக்காதேன்னு சொல்லியிருக்காரே. அத்தைக்கு என் கும்பிடு.

நஞ்சம்மாள்

*

கொல்லிமலை
சித்திரை 27

அண்ணாவுக்கு,

நலம். நங்கையாவின் கடிதம் வந்தது. அவர்களுடைய பல்லுக்கு இப்போது வலியில்லை என்று நம்புகிறேன்.

கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் வாசித்தேன். பின்பக்கத்தில் உங்கள் கையெழுத்து. "கொல்லிமலை வீடு: எது எங்கே" என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மறந்திருந்தால் என்று கீழே எழுதுகிறேன்.

"அண்டா இரண்டு: இங்கே. தேக்குக் கட்டில்: இங்கே. அம்மா: சமையலறை ஓரம். புத்தகப் பெட்டி: எடைக்கு, சேந்தமங்கலத்து மளிகைக் கடை, பொட்டலம் மடிக்க. அம்சவேணி: பரமத்தி அத்தைக்கு. ஆட்டுக்கல்: யாராவது கேட்டால் கொடுக்கலாம்."

ஆட்டுக்கல்லுக்குக்கூட யாராவது கேட்க வேண்டும் என்று இருக்கிறது.

பரமத்தி அத்தைக்குக் கை கால் விழுந்து, கவனித்துக்கொள்ள வந்த மூன்று பெண்கள் அவர் துப்பிய வெற்றிலை எச்சில் மேலே பட்டு ஓடிப்போனது எனக்குத் தெரியும். என் கல்யாணம் நின்றுபோன வருஷம் அவர் என்னைப் பற்றிச் சொன்னதும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

புத்தகப் பெட்டியை ராமாயி வீட்டுக்கு நகர்த்திவிட்டேன். அம்மாவிடம் பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை. சமையலறையில் ஒரு வாடை அடிக்கிறது. எலி செத்திருக்கும் என்கிறாள். நான் ஏணி வைத்து ஏறிப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் எதையும் நிமிர்ந்து பார்க்க எனக்கு இப்போது மனசில்லை.

அம்சவேணி

*

நாமக்கல்
1 ஜூன் 1944
(கார்டு)

ஆசீர்வாதம். இங்கே சுகம். வெயில் தாங்கவில்லை.

அந்த விஷயத்தைச் சமயம் பார்த்து நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். அத்தை வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவிராது. தனி அறையும் உண்டு. இரண்டு மூன்று வருஷம்தானே. பெட்டியைத் திரும்ப எடுத்து வைக்கவும், கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது. மர வியாபாரி ஆடி முதல் வாரம் வருகிறார். ஓட்டைப் பத்திரமாக இறக்கச் சொல்லவும். அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆ.சாமி

*

கொல்லிமலை
ஆனி 10

அண்ணாவுக்கு,

அம்மா நலம். அழுகையை நிறுத்திவிட்டாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீளமாக இருக்கும்.

ஆனி பிறந்ததும் மழை இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் பதினோரு வீட்டாரும் விதை இறக்க வந்தார்கள். பெண்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு முறங்களோடு நின்றார்கள். சின்னராசு ஏணியில் ஏறி முதல் கூடையைத் தூக்கினார். கூடையின் அடி அவர் கையோடு வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டது. உள்ளேயிருந்து வெள்ளையாய் அந்துப்பூச்சிகள் அவர் முகத்தில் பறந்தன. சாமை, சாமையாக விழவில்லை; பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை பூத்து, நூல் கட்டி, கட்டி கட்டியாக என் காலடியில் விழுந்தது. மொச்சைக் குடுக்கையைக் கவிழ்த்தார்கள். ஒவ்வொரு பருப்பிலும் குண்டூசித் துளை. துளைக்குள்ளிருந்து வண்டுகள் சாவகாசமாக வெளியே வந்து தரையில் நடந்தன. அவரைக் குடுக்கைகளுக்கு நடுவே எலிக்குஞ்சுகள், கண் திறக்காமல், சிவப்பாக. செத்த எலி எதுவும் இல்லை. நான் ஒரு மாதமாகப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொண்டு மூக்கைப் பொத்திக்கொண்ட வாடை இதுதான். என் தலைமுடியில் அது இரண்டு நாள் இருந்தது. இன்னும் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

சின்னராசு இறங்கி வந்து பெரிய அடுப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். சாம்பல் ஈரமாக இருந்தது.

"இது எப்பங்க நின்னுது?"

"மாசியிலே" என்றேன்.

"பையன் எழுதியிருந்தானப்பா" என்றாள் அம்மா. "சிக்கனமா இருக்கச் சொல்லி…"

அப்போது ராமாயி சிரித்தாள். "அதுசரிங்க. பொகையை மிச்சம் புடிச்சீங்களே, அதை எந்தப் பொட்டியில போட்டு வெச்சிருக்கீங்க? தொறந்து காட்டுங்க சாமி. நாங்களும் கண்ணால பாத்துக்கறோம்."

"கழுதை மேல ஏத்திக் கீழ அனுப்பிட்டாங்களே, நீ பாக்கலியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணா, அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

சின்னராசு ஒவ்வொரு விதையிலும் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தார். மூன்றாம் நாள் அவிழ்த்தோம். ராகி மட்டும் பாதிக்கு மேல் முளைத்திருந்தது. சாமை, வாயில் வைத்துத் துப்பிய மாதிரி குழகுழவென்று கிடந்தது. மழை பெய்துகொண்டே இருந்தது. உழுது வைத்த காடு காத்துக்கொண்டிருந்தது. இந்த வாரத்துக்குள் விதைக்காவிட்டால் இந்த ஊருக்கு வருகிற வருஷம் சோறு இல்லை.

எடப்புளி நாட்டில் விதை இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். "அப்போ போய்க் கேளுங்களேன்" என்றேன்.

"நாங்க கேட்டாத் தர மாட்டாங்க" என்றாள் ராமாயி. "யாரு அடுப்புல கெட்டுதோ அந்தக் கைதான் கேக்கோணும். அதானுங்க வழக்கம். உங்கம்மாவால நடக்க முடியாது. நீங்க வாரீங்களா, இல்லே புஸ்தகம் படிக்கோணுமா?"

போனேன். வழுக்குப் பாறையில் இரண்டு இடத்தில் விழுந்தேன். ராமாயி தூக்கிவிடவில்லை; நான் எழும்வரை நின்றாள், அவ்வளவுதான். மத்தியானத்துக்கு மேல் பொன்னாயி என்பவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் கீரையைக் கட்டியபடியே நின்று நான் சொன்னதை எல்லாம் கேட்டார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை: விறகை அனுப்பியது, அடுப்பை நிறுத்தியது, வாடை வந்தும் ஏறிப் பார்க்காதது. அண்ணன் எழுதினார் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அடுப்பு உங்கள் கையிலா இருந்தது?

"வெதையை ஊட்டுக்குக் குடுக்கறதில்லீங்க, அடுப்புக்குக் குடுக்கறது" என்றார் பொன்னாயி. "இப்ப ஒண்ணு வாங்குனா, தையில ரெண்டாத் திருப்போணும். பரண்ல தொங்குன வெதையாத்தான் திருப்போணும். உங்க ஊட்டைப் பிரிக்கறாங்கன்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. வார தையில உங்க அடுப்பு எங்கீங்க எரியும்?"

இதையேதான் வேறு வார்த்தைகளில் நான் உங்களிடம் இரண்டு முறை கேட்டேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"திருப்புலி நாட்டிலேதான்" என்றேன்.

"யாரு அடுப்புங்க?"

"என்னோடது."

அவர் ராமாயியைப் பார்த்தார். ராமாயி வானத்தைப் பார்த்துவிட்டு, "எங்கூட்டுக்குப் பக்கத்துல ஒரு கொட்டாய் சும்மாத்தான் கெடக்குது" என்றாள். "கூரை ஒழுவும். படிச்ச புள்ளை, ரெண்டு சாணு தள்ளிப் படுத்துக்கும்."

பொன்னாயி உள்ளே போய்க் குடுக்கைகளை இறக்கினார். விதையின் மேல் கையை வைத்தேன். புகை வாசனை. நாங்கள் அதைச் சுமந்துகொண்டு நடந்து வந்தோம். இன்று பதினோரு காட்டிலும் விதைத்துவிட்டார்கள். நான் திருப்பிக் கொடுப்பதற்காக ஒரு துண்டுக் காட்டை எனக்கும் விட்டிருக்கிறார்கள். ஏர் பிடிப்பது சின்னராசு. களை எடுப்பது நான்.

ஆகவே பரமத்திக்குப் போக முடியாது. வீட்டைப் பிரித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் வீடு.

அம்சவேணி

*

நாமக்கல்
2 ஜூலை 1944

அம்சவேணிக்கு,

இங்கே யாருக்கும் மனசு சரியில்லை. உன் நங்கையா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. பின்பக்கத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டேனே என்று அழுகிறாள்.

நீ புத்தகம் படித்தே கெட்டாய் என்று ஊரார் சொன்னபோது நான் உன் பக்கம் பேசியவன். மலைக்காரர்களிடம் போய் வாக்குக் கொடுக்க நீ யார்? கல்யாணமாகாத பெண் ஒரு கொட்டகையில் தனியாக இருப்பதாவது! சாமை வேண்டும், அவ்வளவுதானே? சேந்தமங்கலத்துக் கடையில் ஒரு மூட்டை வாங்கி அனுப்புகிறேன், இரண்டு பங்குக்கு மூன்று பங்காகக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. சாமை சாமைதானே. அத்தையிடம் நான் என்ன பதில் சொல்வேன்? வக்கீலுக்குத் தெரிந்தால் என் கதி என்ன?

வேண்டுமானால் என் எழுத்து அறையில் ஒரு பாய்க்கு இடம் பண்ணலாம். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினால் இடம் வரும். யோசித்துப் பார்.

இந்த விஷயமாக நீ எது எழுதினாலும் தயவுசெய்து கவரில் எழுது. செலவைப் பார்க்க வேண்டாம். இரண்டு கவர்கள் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
ஆறுமுகசாமி

*

திருப்புலி நாடு
ஆடி 6
(கார்டு)

அண்ணாவுக்கும், வழியில் இதை வாசிக்கும் குழந்தைசாமிக்கும், கீழே அவர் வாசித்துக் காட்டும் எல்லாருக்கும் அம்சவேணியின் வணக்கம்.

கவர்களை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அவள் வெள்ளிக்கிழமை சின்னுசாமியின் கழுதைகளோடு இறங்கி வருகிறாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமாம். அவளைச் சமையலறை ஓரத்தில் போட வேண்டாம். நாற்காலியைத் தள்ளினால் வரும் என்றீர்களே, அந்த இடத்தைக் கொடுங்கள். கிழங்குத் தோல் கொடுத்தால் தின்றுவிடுவாள், கொடுக்காதீர்கள்.

வியாபாரி உத்திரங்களை இறக்கிவிட்டார். பெரிய அடுப்பின் மூன்று கல்லும் அவருக்கு வேண்டாமாம். எனக்கு வேண்டும் என்றேன். கொட்டகையில் நாள் முழுக்க எரிகிறது. கண்ணும் எரிகிறது. பரணில் புத்தகங்கள் பழுப்பேறத் தொடங்கிவிட்டன. கடைச் சாமையை அனுப்ப வேண்டாம், அது முளைக்காது. இங்கே முளைத்துவிட்டது.

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்க இடமில்லை. கார்டு தீர்ந்துவிட்டது.

அம்சவேணி